அதிகாரம் பறிபோனால் அறிவும் பறிபோகுமோ?

சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் ஸ்தாபிக்கப்பெற்று, 1979 முதல் அஞ்சல் வழியாகவும் கல்வி வழங்கிவந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் குறித்து, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பல்கலைக்கழக மானியக் குழு பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. அப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தான் அளித்த அங்கீகாரம் 2014-15ஆம் கல்வியாண்டோடு முடிந்துவிட்டதென்றும், அதன்பின் அனுமதியின்றி அம்முறையில் நடத்தப்பட்ட படிப்புகள் செல்லத்தக்கவை அல்லவென்றும், அதனால் மாணவரின் எதிர்காலத்துக்கு நேரும் விளைவுகளுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பென்றும் அதில் கண்டிருந்தது.

தூத்துக்குடியைப் போன்ற ஓர் ஊரில் இந்தச் செய்தி பத்திரிகையின் உள்பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டே பி.காம். முடித்தவர்கள், அனல் மின் நிலையத்தில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து பகலில் பாடநூலைப் பிரித்தவர்கள், உப்பளத்தில் வெயிலும் உவரும் காலை அரிக்க உழைத்த பெற்றோருக்குப் பிறந்து, கலியாணமாகிப் பிள்ளைகளும் பெற்றபின், விட்ட படிப்பை ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் எட்டிப் பிடித்த பெண்கள் என்று, இந்தக் கரையில் அஞ்சல் வழிக் கல்வியால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கல்லூரி வாசலை மிதிக்க நேரமும் பொருளும் இல்லாதவர்க்குக் கல்லூரியே வீடு தேடி வந்தது என்ற நன்றியுணர்ச்சியோடு அவர்கள் அந்தப் பட்டங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

தரும் உரிமை தந்தவனுக்கு இல்லையென்று பின்னால் தெரியவந்தால், பெற்றவன் பெற்றது என்னவாகும்? இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வக்கீல்கள்தாம் என்று நினைப்போர் பலர். சட்டம் இதற்கு விடை சொல்லித்தான் ஆகவேண்டும்; ஆனால் சட்டம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, ஆலயங்களிலும் மடங்களிலும் மனிதர் இக்கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள். அதிகாரம் என்பது எங்கிருந்து வருகிறது, அது தன் பாத்திரத்தின் குற்றத்தால் கறைபடுமா, நம்பி வந்தவனுடைய நம்பிக்கைக்கு அதில் ஏதேனும் மதிப்பு உண்டா என்பவை ஆன்மிக விசாரணையின் மையமான கேள்விகள். அவற்றுள் சில இந்த முத்துக்குளித்துறையின் மணலிலேயே எழுந்தவை.

1535 முதல் 1537 வரையிலான காலத்தில், கடலில் தங்களுக்கு நேர்ந்த இடர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர் குலத்தார், கொச்சிக்குத் தூது அனுப்பி, ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் கூட்டங்கூட்டமாக நடந்த அச்சடங்குக்கு முன் உபதேசம் என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாதிரிமார் வந்தார்கள், தண்ணீர் வார்த்தார்கள், போனார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அந்தச் சமயத்தைப் பற்றி வேறொன்றும் அறியாத ஜனங்களைக் கண்டார். அவர் செய்த முதற்காரியம், தமிழறிந்தாரைத் துணைக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் கற்பனைகளையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததே. முத்திரை முதலில் வந்தது; கல்வி பின்னால் வந்தது. ஆயினும், கற்பிக்கப்படாமல் அளிக்கப்பட்டதனால் அந்த ஞானஸ்நானம் செல்லாதென்று சவேரியார் சொல்லவில்லை. எவருக்கும் இரண்டாம் முறை தண்ணீர் வார்க்கவுமில்லை.

சவேரியார் ஒவ்வோர் ஊரிலும் அந்தத் தமிழ் ஜெபங்களின் ஏட்டுப் பிரதியை விட்டுச் சென்றார்; எழுதத் தெரிந்தவர் அதைப் படியெடுக்கவும், நியமிக்கப்பட்ட ஒருவர் ஞாயிறுதோறும் ஜனங்களைக் கூட்டி ஓதுவிக்கவும் ஏற்பாடு செய்தார். அவருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஆண்டுக்கணக்கில் தங்கித் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறுநூலையும், 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெருநூலையும் அச்சேற்றினார். ஆசிரியர் போகமுடியாத ஊருக்கு ஆசிரியரின் வாசகமாவது போகட்டும் என்ற எண்ணத்திலிருந்தே தமிழ் அச்சுக்கலை இம்மண்டலத்தில் தோன்றியது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. தொலைவிலிருந்து கற்பித்தல் இந்தக் கரைக்குப் புதியதன்று. அதைக் கண்காணிப்பார் யார் என்ற கவலையும் புதியதன்று. சவேரியாரின் கடிதங்கள் பலவற்றில் இருப்பது, தாம் விட்டுச்சென்ற உபதேசிமார் தம் கடமையைச் செய்கிறார்களா என்ற விசாரம்தான்.

இனி, அதிகாரத்தைப் பற்றிய கேள்வியின் மூலத்துக்கு வருவோம். கி.பி. 303இல் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களை ஹிம்சித்த காலத்தில், வட ஆப்பிரிக்காவில் சில குருமார் உயிருக்கு அஞ்சி வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்புவித்தார்கள். ஹிம்சை ஓய்ந்தபின், அத்தகைய துரோகியின் கையால் அபிஷேகம் பெற்றவர் மேற்றிராணியார் ஆகமாட்டார், அவர் அளித்த ஞானஸ்நானமும் ஞானஸ்நானம் ஆகாது என்று ஒரு பெரும் பகுதியார் பிரிந்து சென்றனர். தொனாத்து என்பவரின் பெயரால் அறியப்பட்ட அக்கட்சி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 411ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்தில் இரு தரப்பாரும் கூடி வாதிட்டார்கள். எதிர்த்தரப்பில் நின்ற அர்ச். அகுஸ்தீனார் சொன்ன சமாதானம் ஆழமானது. ஞானஸ்நானத்தைக் கொடுப்பவர் உண்மையில் கிறிஸ்துவே; குரு அவருடைய கை மட்டுமே; ஆகவே கை அசுத்தமானதென்பதால் கொடை பொய்யாகாது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு சடங்கு செல்லுபடியாவது வேறு, அது பலன் தருவது வேறு என்று பிரித்துக் காட்டினார். செல்லுபடியாவது கொடுப்பவன் தகுதியைச் சார்ந்ததன்று. பலன் தருவதோ பெறுபவனுடைய உள்ளத்தைச் சார்ந்தது.

தொனாத்தியர் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. கொடுக்கும் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்ற அவர்களுடைய தாகம் உயர்ந்தது. இன்று போலிப் பல்கலைக்கழகங்களைக் கண்டு கொதிக்கும் நல்லோரின் தாகமும் அதுவே. தொனாத்தியர் தவறியது ஓரிடத்தில்: கொடுத்தவனைத் தண்டிக்க எடுத்த வாளை வாங்கினவன் கழுத்தில் வைத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே வழக்கு இந்தக் கரைக்கு வேறோர் உருவத்தில் வந்தது. இந்தியத் திருச்சபையில் குருமாரை நியமிக்கும் உரிமையைப் போர்த்துக்கல் அரசருக்கு முன்னைய பாப்பரசர்கள் அளித்திருந்தார்கள். பதுரவாதோ என்று அதற்குப் பெயர். 1838இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார், கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் மறைமாவட்டங்களில் அவ்வதிகாரத்தை நீக்கி ஆணையிட்டார். அந்த ஆணை மெய்யான ஆணையே அல்லவென்று கோவாக் குருமார் ஏற்க மறுத்தார்கள். முத்துக்குளித்துறை ஊர்கள் இரு கட்சியாயின. ஒரே தெருவில் இரு கோயில், ஒரே குடும்பத்தில் இரு பங்கு என்ற நிலைமை உண்டாயிற்று. கோவா தேசத்துக் குருவானவர் செய்துவைத்த விவாகம் விவாகமா, அவர் சொன்ன பாவமன்னிப்பு மன்னிப்பா என்று ஓர் எளிய மீனவன் கலங்கினால் அவனுக்கு யார் பதில் சொல்வது? அபிஷேகம் பெற்ற குரு என்பதில் ஐயமில்லை; ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்க அபிஷேகம் மட்டும் போதாது, அவ்விடத்தில் அதிகாரமும் வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். அந்த அதிகாரமோ ரோமாபுரியில் ஒரு தாளில் ரத்தாகியிருக்கிறது.

இவ்விடத்தில் திருச்சபையின் சட்ட மரபு ஓர் அரிய விதியைக் கொண்டிருந்தது. ஒருவனுக்கு அதிகாரம் இல்லாதபோதும், உண்டென்று ஜனங்கள் பொதுவாக நம்பிவிட்டால், அந்த நம்பிக்கையால் அவர்கள் கெட்டுப்போகாதபடி, இல்லாத அதிகாரத்தைத் திருச்சபையே நிரப்பிக்கொடுக்கும் என்பது அவ்விதி. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் 209ஆம் விதியாகவும், 1983ஆம் ஆண்டுத் தொகுதியில் 144ஆம் விதியாகவும் அது எழுதப்பட்டிருக்கிறது. அதன் வேர் ரோமச் சட்டத்தில் இருக்கிறது. பார்பாரியுஸ் பிலிப்பு என்ற அடிமை ஒருவன் எஜமானனிடமிருந்து தப்பியோடி, தன் நிலையை மறைத்து, ரோமாபுரியில் பிரேத்தர் என்னும் நீதிபதிப் பதவியை அடைந்துவிட்டான். அடிமை அப்பதவிக்கு உரியவன் அல்லன். அப்படியானால் அவன் கொடுத்த தீர்ப்புகள், பிறப்பித்த கட்டளைகள் எல்லாம் வெறும் புகைதானா என்று உல்பியன் என்ற சட்ட மேதை கேள்வி எழுப்பி, அவற்றை நம்பி வழக்காடினவர்களுடைய நன்மையை எண்ணி, அவற்றைத் தள்ளாதிருப்பதே மனிதத்தன்மைக்கு ஏற்றது என்று முடிவு கூறுகிறார். ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 533இல் வெளியிட்ட சட்டத் திரட்டில் அது இடம்பெற்று, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகச் சட்டம் கற்பாரின் சிந்தையைக் கிளறி வருகிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1981இல், கோகராஜு ரங்கராஜு என்பவரின் வழக்கில், நியமனம் செல்லாத நீதிபதி ஒருவர் பதவியிலிருந்தபோது அளித்த தீர்ப்புகள் செல்லும் என்று இதே தத்துவத்தின்படி நிலைநாட்டியது.

அப்படியானால், அங்கீகாரமற்ற நிறுவனம் தந்த பட்டத்தையும் அவ்வாறே ஏற்றுவிடலாமே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதில் நான் உடன்படமாட்டேன். ஞானஸ்நானம் ஒரு கொடை; பட்டம் ஒரு சாட்சி. இவற்றின் வேற்றுமை பெரிது. இந்தக் கரையின் இன்னொரு மரபு இதை விளக்கும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள், குழந்தையாய் இருந்தபோதே திருச்செந்தூர்ச் சந்நிதியில் கலிவெண்பாப் பாடியவர் என்று மரபு கூறுகிறது. வாக்கு அவருக்கு வாய்த்தபின்பே, அவர் தருமபுரம் சென்று மாசிலாமணி தேசிகரிடம் பணிந்து உபதேசம் பெற்றார். சைவ மரபில் சமயம், விசேடம், நிருவாணம் என்று தீட்சைகளைக் கடந்து, ஆசாரியாபிஷேகம் பெற்றவரே பிறருக்குத் தீட்சை அளிக்க உரியவராவார். கற்றார் எல்லாரும் கற்பிக்கும் அதிகாரம் உடையர் அல்லர். அங்கே முத்திரை அறிவை உண்டாக்குவதில்லை. உண்டான அறிவைக் கண்டறிந்து உலகுக்குச் சொல்கிறது. நம் பழைய நூல்களுக்குச் சிறப்புப் பாயிரம் செய்ய உரியவர் யாவர் என்று நன்னூல் விதிக்கும்போது, ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்று, அந்தப் புலவனை நேரில் அறிந்தவர்களையே எண்ணுகிறது. அறியாதவன் சாட்சி சொல்லலாகாது என்பது அதன் கருத்து.

பட்டம் சாட்சி என்று கொண்டால் இரண்டு முடிவுகள் தாமே பின்தொடரும். சாட்சி சொன்னவன் தகுதியற்றவன் என்று நிரூபணமானால், அவன் சொன்னதை இனி நம்புவதற்கில்லை. அடிமையாயிருந்த பிரேத்தரின் தீர்ப்பைக் காப்பாற்றியதுபோல் இதை அப்படியே காப்பாற்ற இயலாது, ஏனெனில் பட்டத்தை நம்புகிறவர் பெற்றவர் மட்டுமல்லர். பாலத்தின்மேல் போகும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவனும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறான். இது ஒன்று. ஆனால் சாட்சி பொய்த்துவிட்டதனால், அவன் எதைப் பற்றிச் சொன்னானோ அதுவும் பொய்யென்று ஆகிவிடாது. கற்றது கற்றவனிடத்தில் இருக்கிறது. அதைக் காட்டவல்ல ஒரு குரல்தான் இல்லை. அப்போது அரசின் கடமை வேறொரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது. இவன் ஒன்றும் கற்கவில்லை என்று விசாரணையின்றிப் பிரகடனம் செய்வது அரசின் கடமையாகாது.

இந்த வழியை நம் உச்ச நீதிமன்றம் ஒருமுறை மேற்கொண்டது. அதை விரிவாகவே சொல்லவேண்டும். ராஜஸ்தானில் இரண்டும், அலகாபாதில் ஒன்றும், நம் சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் என்ற ஒன்றுமாக நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி பெறாமலே, தொலைநிலை முறையில் பொறியியல் பட்டங்களை வழங்கிவந்தன. பின்னர்க் காலங்கடந்த ஒப்புதல் ஒன்றைத் தொலைநிலைக் கல்வி மன்றத்தார் அளித்திருந்தார்கள். 2017 நவம்பர் 3ஆம் தேதி, நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயலும் உதய் உமேஷ் லலித்தும் அந்த ஒப்புதலைச் செல்லாததென்று தள்ளினார்கள். ஆனால் மாணவரை ஒரே கூட்டமாக எண்ணித் தள்ளவில்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுடைய பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் பரீட்சையில் தேறினால் அவை மீண்டும் உயிர்பெறும், தேறுவதற்கு இரு வாய்ப்புகள் உண்டு, எழுத விரும்பாதவர்க்குக் கட்டணப் பணம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று ஆணையிட்டார்கள். 2005க்குப் பின் சேர்ந்தவர்களுடைய பட்டங்களோ அறவே ரத்தாயின. அவர்களுக்கும் பணம் திரும்ப வேண்டும். அந்நிறுவனங்களுக்கும் ஒப்புதல் தந்த அதிகாரிகளுக்கும் உள்ள தொடர்பைத் துருவி அறிய மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கும் உத்தரவாயிற்று. பரீட்சை 2018இல் நடந்தது.

முதற்பகுதி மாணவர்க்கு நீதிமன்றம் செய்தது பூரணமான நீதி என்றே நான் கருதுகிறேன். பத்தாண்டு பணி செய்து தலை நரைக்கத் தொடங்கியவர்கள் மீண்டும் கணக்குப் பாடத்தை எடுத்துப் பரீட்சைக்கு உட்கார்ந்தது மனத்தை வருத்தும் காட்சிதான். ஆயினும் அறிவுக்குச் சாட்சி சொல்ல அறிவையே அழைப்பதைக் காட்டிலும் கண்ணியமான வழி வேறில்லை. பிற்பகுதி மாணவர்க்கு அந்த வாசல் அடைக்கப்பட்டது எனக்கு உடன்பாடில்லை. 2005க்குப் பின் சட்டநிலை தெளிவாயிற்று, ஆகவே அவர்கள் அறிந்தே சேர்ந்தார்கள் என்பது நீதிமன்றத்தின் கருத்து. எவருக்குத் தெளிவாயிற்று? பதினெட்டு வயதில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்பிய ஒரு தொழிலாளிக்கு, தில்லியில் இரண்டு குழுக்களுக்கு இடையே நடந்த கடிதப் போக்குவரத்து எப்படித் தெளிவாகும்? அவர்களையும் பரீட்சைக்கு அழைத்திருக்கலாம். கல்லாதவன் தோற்றிருப்பான், கற்றவன் நின்றிருப்பான்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதாவது கடைசிக் குளிப்பு நடந்த 1961க்கு முன்பு, அரசாங்கம் செய்த வேலை ஒன்றை இங்கே நினைவுகூர்கிறேன். முன்கூட்டியே மீன்துறையார் கடலுக்குட் சென்று, தோலாயிரம்பார் முதலிய பார்களில் ஆளை இறக்கிச் சிப்பிகளின் பெருக்கத்தையும் வயதையும் கணித்து, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்து உடைத்து, அதில் கண்ட முத்துக்களை மதிப்பிட்ட பிறகே குளிப்பை அறிவிப்பார்கள். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு. எஞ்சியது ஆயிரம் ஆயிரமாக, உடைக்கப்படாமலே, மாலையில் ஏலம் போகும். எடுத்தவன் செல்வனாவதும் உண்டு, வெறுங்கையோடு போவதும் உண்டு. அதில் அநீதி இல்லை. மூடின சிப்பியைத்தான் வாங்குகிறோம் என்று அவனுக்குத் தெரியும். கல்வி வாங்க வரும் பிள்ளையின் நிலையோ மாறானது. அவனும் மூடின சிப்பியைத்தான் வாங்குகிறான். ஆனால் அதன்மேல் அரசின் முத்திரை இருக்கிறது. உள்ளே முத்து உண்டென்று அரசு பார்த்துச் சொல்லியிருப்பதாக அவன் நம்புகிறான். அந்த நம்பிக்கையை உண்டாக்கினது அரசே. முத்திரை என்பது முன்பின் அறியாத ஒருவனுக்காக முன்பின் அறியாத இன்னொருவனிடம் அரசு கொடுக்கும் ஜாமீன். கொடுத்த ஜாமீனை இனிக் கொடேன் என்று எதிர்காலத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம். நேற்றே கொடுக்கவில்லை என்று சொல்லலாகாது.

இணையம் வந்தபின் இந்த ஆபத்து பன்மடங்காயிற்று. முன்பு அஞ்சல் வழிக் கல்விக்காவது ஊரில் ஒரு படிப்பு மையம், பூட்டித் திறக்கும் ஒரு கதவு, நேரில் கேள்வி கேட்கத்தக்க ஒரு மனிதர் இருந்தார். இப்போது வேம்பாரிலோ தருவைகுளத்திலோ ஒரு பிள்ளை கைப்பேசியில் விளம்பரத்தைத் தொட்டு, கட்டணத்தையும் அதிலேயே செலுத்திவிடுகிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த நகரம், நடத்துவது பல்கலைக்கழகமா அதன் பெயரை இரவல் வாங்கிய வியாபாரியா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள், தேசிய மதிப்பீட்டில் 4க்கு 3.01 புள்ளியோ, தேசியத் தரவரிசையில் முதல் நூறில் ஓரிடமோ பெற்ற நிறுவனங்களையே இத்துறைக்குள் விடுகின்றன. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்றவற்றை இம்முறையில் கற்பிக்கலாகாது என்கின்றன. தம் பெயரை வேறொரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுக் கல்வி நடத்தலாகாது என்று 2022 ஜனவரியில் மீண்டும் எச்சரிக்கை விடப்பட்டது. 2023இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை முறையில் சேரவேண்டாமென்று மாணவர்க்கு அறிவிப்பு வந்தது. கண்காணிப்பே இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. கடிவாளம் வேண்டும், அது இறுக்கமாகவே வேண்டும் என்பதில் எனக்குத் தினையளவும் ஐயமில்லை. தகுதியற்ற நிறுவனம் ஒன்று கூடுதலாக ஒருநாள் நடந்தாலும் அன்றைக்குச் சேரும் பிள்ளையே பலியாகும்.

என் முறையீடு கண்காணிப்பவரின் மௌனத்தைப் பற்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக விஷயத்தில், அங்கீகாரம் முடிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் நாடெங்கும் பேசப்பட்ட அந்த அறிவிப்புக்கும் இடையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அக்காலத்தில் குழுவும் பல்கலைக்கழகமும் தம்முள் என்ன வாதிட்டன என்பது அவ்விரண்டின் கணக்கு. மாணவன் கண்டதெல்லாம், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மாநில அரசே பொறுப்பேற்றுக்கொண்ட, ஒரு நூற்றாண்டை நெருங்கும் புகழுடைய, திறந்த வாசலையுடைய ஒரு பல்கலைக்கழகம். இதைக் காட்டிலும் பெரிய பொதுநம்பிக்கை ஒன்று உலகில் உண்டா? ரோமாபுரியின் ஜனங்கள் அந்த அடிமையை நம்பியதற்கு இவ்வளவு காரணம் இருந்திராது. நெடுநாள் பேசாமலிருந்த காவற்காரன், பேசும்போது பொறுப்பு முழுவதையும் இன்னொருவர்மேல் சுமத்துவது தர்மமாகத் தோன்றவில்லை. சுமையில் ஒரு பங்கு அவனுக்கும் உண்டு.

நம் நீதிமன்றங்கள் இதற்கு வழிகாட்டாமலில்லை. சத்தீஸ்கர் மாநிலத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு, கட்டடமும் ஆசிரியரும் இல்லாமலே 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்திருந்தபோது, பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றின் அஸ்திவாரத்தையே நீக்கியது. அதே தீர்ப்பில், அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர் கைவிடப்படாமலிருக்க, அந்நிறுவனங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைப்புப் பெற வழிசெய்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், முதற்பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் பற்றிய வழக்கில், அதே நீதிமன்றம் விதியை எழுத்துப் பிசகாமல் பிடித்து, அப்பட்டத்தைக் கொண்டு பெற்ற பதவி செல்லாதென்றது. அங்கே அடிப்படைத் தகுதியே இல்லாதிருந்தமையால் அது வேறு விஷயம். ஆனால் தகுதியோடு சேர்ந்து, ஒழுங்காகப் படித்து, பரீட்சை எழுதித் தேறிய ஒருவனுக்கு நிறுவனத்தின் குற்றத்தைச் சுமத்தும்போது, நாம் தொனாத்தியரின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

ஆகவே பல்கலைக்கழக மானியக் குழுவினரையும், உயர்கல்விக்குப் பொறுப்பான நம் மாநில அரசினரையும் நான் வேண்டிக்கொள்வது இது. அங்கீகாரத்தை மறுக்கவேண்டிய இடத்தில் தயங்காமல், அந்த ஆண்டிலேயே, மாணவர் சேர்க்கை தொடங்குமுன் மறுத்து, அதைத் தமிழிலும், எளிய ஜனங்கள் பார்க்கும் இடங்களிலும் அறிவியுங்கள். திரும்பப் பெறும் ஒவ்வோர் ஆணையிலும், அதற்குமுன் சேர்ந்துவிட்டவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தத் தேதியில், யார் செலவில் பரீட்சை எழுதித் தம் கல்வியை நிரூபிக்கலாம் என்பதையும், அதற்கு மனமில்லாதவர் செலுத்திய பணம் எந்நாளுக்குள் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். அச்செலவைக் குற்றம் செய்த நிறுவனம் ஏற்கட்டும். கண்டும் காணாதிருந்த ஆண்டுகளுக்குரிய பங்கைக் கண்காணிப்பவரும் ஏற்கட்டும்.

இந்த மாவட்டத்தில் இவ்வாண்டு பிள்ளைகளை இணையவழிப் படிப்பில் சேர்க்க எண்ணும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. விளம்பரம் காட்டும் பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அங்கீகாரம் உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் மூன்றையும் தனித்தனியே சரிபார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்சிட்டு, கட்டண ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.